கனடா பிஆர் மெடிக்கல்: பழைய டிபி தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் என்ன ஆகும்?

நொய்யல் (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் உரிமைக்கு (பிஆர்), எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வேலைத் திறமை வழியில் எனக்கு அழைப்பு வந்துவிட்டது. விண்ணப்பத்தை அனுப்ப 60 நாள்தான் கெடு. 2025 ஆகஸ்ட் 21 முதல் மெடிக்கலை முன்னாடியே முடித்து, அதற்கான தாளையும் சேர்த்தே அனுப்பவேண்டும் என்று விதி மாறிவிட்டது. அதனால் இப்போதே டாக்டரிடம் போயாக வேண்டும்.

என் கவலை இதுதான். 2014-இல் எனக்கு நுரையீரல் காசநோய் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன், குணமாகிவிட்டது. அப்புறம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்தால் வலது பக்கம் மேலே ஒரு தழும்பு இருக்கிறது. போன வருடம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பிலும் அதைக் குறித்துக் கொடுத்தார்கள்.

விண்ணப்பத்துக்கு உதவும் கன்சல்டன்ட், "டிபி என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள், கேட்டால் சின்ன வயதில் நிமோனியா வந்தது என்று சொல்லிவிடுங்கள்" என்கிறார். அம்மாவும் அதையேதான் சொல்கிறார். மனைவி மட்டும் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்கிறாள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ராத்திரி சரியாகத் தூக்கமே இல்லை.

சேதுக்கரை (ராமநாதபுரம்)

உங்கள் அம்மா ஏன் பயப்படுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. அங்கே போக எடுக்கும் மெடிக்கலை நாங்கள் இன்றைக்கும் 'காம்கா' என்றுதான் சொல்வோம், இப்போது வாஃபித் தளத்தில் பதிவு செய்கிறார்கள். அதில் எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தாலே 'அன்ஃபிட்'. நோய் இப்போது இருக்கிறதா, எப்போதோ குணமாகிவிட்டதா என்ற பேச்சே கிடையாது. மஞ்சள் காமாலை பி கிருமி ரத்தத்தில் இருந்தாலும் அதே கதைதான். என் சித்தப்பா மகன் வேலை உறுதியாகி, ஊரெல்லாம் சொல்லி, கடைசியில் தழும்பால் நின்றுபோனான். நாலு கிலோ எடை கூடி நல்ல ஆரோக்கியமாக இருந்தவன்.

கனடாவும் அப்படித்தானா என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வல்லைவெளி (ஸ்காபரோ)

தம்பி நொய்யல், முதலில் பயத்தை விடுங்கள். நான் இங்கே வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நுரையீரலின் மேல்நுனியில் தழும்பு, அதோடு சுண்ணாம்புப் புள்ளி மாதிரி வெள்ளையாக ஏதாவது இருந்தால், படம் பார்க்கும் வைத்தியருக்கு முதலில் மனதில் வருவது காசநோய்தான். இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் படங்களைத் தினமும் பார்ப்பவர் அவர். நிமோனியாக் கதையை அவரிடம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. படம் ஒன்று சொல்லும், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவ்வளவுதான்.

சேதுக்கரை கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். வளைகுடா மெடிக்கலும் கனடா மெடிக்கலும் ஒரே மாதிரி இல்லை. கனடாவுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: நோய் இப்போது உயிர்ப்போடு இருக்கிறதா, இல்லையா. தழும்பு இருந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். கிருமி இல்லை என்று வந்தால் விண்ணப்பம் மேலே போகும். கிருமி இருந்தால்கூட அதோடு கதவை மூட மாட்டார்கள். சிகிச்சையை முடித்து, குணமான சான்றுகளைக் கொடுக்கும்வரை கோப்பு காத்திருக்கும். நான் இங்கே பார்த்த எத்தனையோ பேர் அப்படி வந்தவர்கள்தான்.

வைகைக்கரை (பிராம்ப்டன்)

வல்லைவெளி அண்ணன் சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். ஒரு குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு தயாரிக்கும் வேலை எனக்கு, அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

கனடாவின் குடியேற்ற, அகதிப் பாதுகாப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவுதான் உடல்நலத்தைப் பற்றியது. உடல்நலத்தைக் காரணம் காட்டி மறுப்பதற்கு மூன்றே வழிகள்: மற்றவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து, மக்களின் பாதுகாப்புக்கு ஆபத்து, மருத்துவ சமூக சேவைகளின் மேல் அளவுக்கு மீறிய செலவுச் சுமை. குணமான டிபி இந்த மூன்றில் எதிலும் சேராது.

ஆனால் பொய் சொன்னால் 40-ஆம் பிரிவு வரும். தவறான தகவல் கொடுத்தார், அல்லது மறைத்தார் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை. அந்த ஐந்து வருடமும் பிஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஒன்றுமில்லாத தழும்புக்காக அந்த ஆபத்தை ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

உங்கள் கன்சல்டன்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கியூபெக் மாகாணத்தின் நோட்டரிகளும் இதில் உண்டு. அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பொய் சொல்லச் சொன்னது அவராக இருந்தாலும், தடை வாங்கப்போவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான்.

நொய்யல் (கோயம்புத்தூர்)

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்த நபரின் பெயர் பட்டியலில் இல்லை. இனி விண்ணப்பத்தை நானே செய்துகொள்கிறேன்.

இப்போது அடுத்த கேள்வி. சிகிச்சை எடுத்ததற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்ததாக ஞாபகம். வீடு மாறியதில் போய்விட்டது. நர்ஸ் அக்கா முன்னால் உட்கார்ந்து வாரம் மூன்று நாள் மாத்திரை விழுங்கியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாலாறு (வேலூர்)

காசநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் அட்டை தொலைந்தாலும் பதிவு தொலைந்திருக்காது. அப்போது வாரம் மூன்று நாள் மருந்துமுறைதான் இருந்தது, தினசரி மருந்து நாடு முழுக்க வந்தது 2017-இல். நீங்கள் சொல்வது காலத்தோடு சரியாகப் பொருந்துகிறது.

முதலில் நீங்கள் மருந்து வாங்கிய ஆரம்ப சுகாதார நிலையம் எந்த காசநோய் அலகின் கீழ் வருகிறது என்று கேளுங்கள். அங்கே ஒரு பதிவேடு உண்டு, பெரிய நோட்டு, பக்கவாட்டில் எழுதியிருப்பார்கள். உங்கள் பெயருக்கு நேரே பதிவு எண், தொடங்கிய தேதி, சளி முடிவுகள், கடைசிக் கட்டத்தில் 'குணமடைந்தார்' அல்லது 'சிகிச்சை முடித்தார்' என்று இருக்கும். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோயாளர் கணினிப் பதிவு 2012-இலேயே வந்துவிட்டது, அதிலும் இருக்க வாய்ப்புண்டு. அலகில் கிடைக்கவில்லை என்றால் மாவட்ட காசநோய் மையத்துக்குப் போங்கள். சீனியர் ட்ரீட்மென்ட் சூப்பர்வைசரைப் பாருங்கள், எஸ்டிஎஸ் என்று கேட்டால் எல்லோரும் காட்டுவார்கள். ஆதார் நகலும், அப்போது இருந்த முகவரியும் கொண்டுபோங்கள். பழைய முகவரியை வைத்துத்தான் தேடுவார்கள்.

கடிதத்தில் வெறுமனே 'டிபி வந்து குணமானது' என்று எழுதி வாங்காதீர்கள். தொடங்கிய தேதி, முடித்த தேதி, என்னென்ன மருந்து, ஆரம்பத்தில் சளி முடிவு என்ன, கடைசியில் என்ன, சிகிச்சையின் முடிவு என்ன, இத்தனையும் இருக்கவேண்டும். மாவட்டக் காசநோய் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஆபீஸ் செக்கப் எக்ஸ்ரே வைத்திருக்கிறீர்களே, அது தங்கம். போன வருடப் படமும் இந்த வருடப் படமும் ஒன்றாக இருந்தால், தழும்பு மாறாமல் இருக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சளி கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் காலத்தை இழக்கிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து, அதிகாலையில், அவர்கள் சொல்லும் லேபில் கொடுக்கவேண்டும். எழுந்ததும் டீ காபி வேண்டாம், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும். காற்றோட்டமான இடத்தில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து, ஒரு நொடி பிடித்து, அடிநெஞ்சிலிருந்து இருமவேண்டும். மூன்றாவது நான்காவது தடவைதான் கெட்டியான சளி வரும். நுரைநுரையாக, தண்ணியாக இருந்தால் அது எச்சில், லேப் அதைத் திருப்பி அனுப்பிவிடும். வராதவர்களுக்கு உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுப்பார்கள். மைக்ராஸ்கோப் முடிவு சீக்கிரம் வந்துவிடும். கல்ச்சர், அதாவது சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது, அப்படி இல்லை, கிருமி மெதுவாக வளரும் ஜாதி என்பதால் எட்டு வாரம்வரை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் முதல் வாரத்திலேயே மெடிக்கலுக்குப் போய்விடுங்கள்.

பொருநை (மிசிசாகா)

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்கலாமா? அப்பா அம்மாவை இங்கே நிரந்தரமாகக் கூப்பிட விண்ணப்பித்திருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், இரண்டும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் அதிகம். மெடிக்கலில் கிரியேட்டினின் பார்ப்பார்களா? திருநெல்வேலியில் எங்கள் டாக்டர் இப்போதைக்குப் பயமில்லை என்கிறார். எனக்குத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. அப்பாவை விட்டுவிட்டு அம்மா மட்டும் வரமாட்டார்.

வைகைக்கரை (பிராம்ப்டன்)

அக்கா, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி, சிபிலிஸ், கிரியேட்டினின் மூன்றும் உண்டு. 11 வயதிலிருந்து நெஞ்சு எக்ஸ்ரே. சிறுநீர் எடுப்பது அதைவிடச் சின்னப் பிள்ளைகளிலிருந்தே. ஆக, அப்பாவின் கிரியேட்டினின் கட்டாயம் தெரியவரும்.

பெற்றோர் விஷயத்தில் கவனிக்கவேண்டியது செலவுச் சுமை விதி. கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகளை ஸ்பான்சர் செய்தால் இந்த விதி அவர்களுக்குப் பொருந்தாது. அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் பொருந்தாது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் பொருந்தும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வரும் குடும்பம் முழுமைக்கும் பொருந்தும்.

கணக்கு இப்படிப் போகிறது. அந்த நோய்க்கு வரும் ஐந்து வருடத்தில் அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று குடியேற்றத் துறையின் மருத்துவ அலுவலர் மதிப்பிடுவார். பெரிய செலவு ஐந்து வருடத்துக்கு அப்பால் வரும் என்று தெரிந்தால் பத்து வருடம்வரை நீட்டிப் பார்க்கலாம். அது ஒரு கனேடியருக்கு ஆகும் சராசரிச் செலவின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் பிரச்சினை. 2025-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 27,162 டாலர், ஐந்து வருடத்துக்கு 1,35,810 டாலர். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகள் இதன் பக்கத்திலேயே வராது. டயாலிசிஸ் தாண்டிவிடும். சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கும் சிரமம். உங்கள் அப்பா இந்த இரண்டிலும் இல்லை.

செய்யவேண்டியது ஒன்று. சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் காட்டி, கடந்த சில வருடக் கிரியேட்டினின் அளவுகளை வரிசையாகப் போட்டு, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது, டயாலிசிஸ் தேவைப்படும் அறிகுறி இருக்கிறதா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மருத்துவ அலுவலர் ஒற்றை எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஓர் எண்ணைப் பார்த்து மோசமான முடிவுக்கு வருவது எளிது.

மறுப்பதற்கு முன்னால் கடிதம் ஒன்று வரும், எங்கள் தொழிலில் ஃபேர்னஸ் லெட்டர் என்போம். இதனால் இவ்வளவு செலவாகும் என்று நினைக்கிறோம், உங்கள் பதில் என்ன என்று கேட்பார்கள். அதைப் பார்த்து இடிந்துபோய் சும்மா இருந்துவிடுபவர்கள்தான் தோற்கிறார்கள். கெடுவுக்குள் நிபுணரின் மறுப்பு அறிக்கை, மாத்திரையின் உண்மையான விலை, செலவைத் தணிக்கும் திட்டம் இவற்றைக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 'ஆஸ்பத்திரிச் செலவை நானே கட்டிக்கொள்கிறேன்' என்று எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் எடுபடாது. இங்கே ஆஸ்பத்திரியும் டாக்டரும் பொதுக் காப்பீட்டில் வருகிறவை. பிஆர் ஆனபின் அதை வாங்காதே என்று யாரும் தடுக்க முடியாது.

குறிஞ்சி (சென்னை)

படித்துக்கொண்டே வந்தேன், இப்போது கேட்கத் துணிவு வந்தது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம். நன்றாகப் பேச மாட்டாள், ஆனால் பாட்டு போட்டால் முழுசாகப் பாடுவாள். வாரத்தில் நான்கு நாள் ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி. கணவருக்கு ஒன்டாரியோவில் வேலை கிடைத்திருக்கிறது, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போகிறோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், இந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு விசா கிடைக்காது, மெடிக்கல் அன்று குழந்தையைத் தூங்கவைத்துக் கொண்டுபோங்கள் என்கிறார்கள். என் பெண்ணை எதற்காக ஒளிக்கவேண்டும்?

வைகைக்கரை (பிராம்ப்டன்)

ஒளிக்கவே வேண்டாம். 2018-க்கு முன்னால் என்றால் உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கும். அந்தக் காலத்தில் சிறப்புக் கல்விக்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்தார்கள். வரம்போ சராசரிச் செலவு மட்டும்தான், 2017-இல் ஆண்டுக்கு 6,655 டாலர். சிறப்பு ஆசிரியர் ஒருவர் தேவை என்றாலே தாண்டிவிடும்.

இங்கே யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபெலிபே மொன்டோயாவின் விஷயம் 2016-இல் நாடெங்கும் பேசப்பட்டது. கோஸ்டாரிகாவிலிருந்து வந்த குடும்பம். மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதால் குடும்பத்துக்கே பிஆர் மறுத்தார்கள். பையனுக்கு வேறு பெரிய நோய் கிடையாது, பள்ளிக்கூடத்தில் ஆகும் செலவுதான் காரணம். பெரிய எதிர்ப்பு எழுந்தபின் மனிதாபிமான அடிப்படையில் அந்த வருடமே அனுமதி கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் நாடாளுமன்றக் குடியேற்றக் குழு இந்தச் செலவுச் சுமை விதியையே எடுத்துவிடச் சொல்லிப் பரிந்துரைத்தது. அரசு முழுதாக எடுக்கவில்லை. 2018 ஏப்ரலில் அமைச்சர் அகமது ஹுசென் அறிவித்தபடி வரம்பை மும்மடங்காக்கினார்கள். சிறப்புக் கல்வி, சமூக, தொழில் மறுவாழ்வுச் சேவைகள், அன்றாட ஆதரவுச் சேவைகள் மூன்றையும் கணக்கிலிருந்து நீக்கினார்கள்.

அதனால் உங்கள் மகளின் பள்ளிக்கூடச் செலவை இப்போது யாரும் கூட்டிப்பார்க்க மாட்டார்கள். தொடர்ந்து மருத்துவச் சேவை தேவைப்படும் வேறு உடல்நோய் இருந்தால் மட்டும் அது தனியாகப் பார்க்கப்படும். மெடிக்கலுக்குப் போகும்போது வளர்ச்சி மதிப்பீட்டு அறிக்கை, தெரபிஸ்ட் கடிதம் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவளால் என்னென்ன செய்ய முடிகிறது என்பதையும் தெரபிஸ்ட் எழுதட்டும். பாட்டையும்தான்.

கொள்ளிடம் (கால்கரி)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுக்கவேண்டாம். நாங்கள் வந்து இத்தனை வருடமாக வரி கட்டுகிறோம். என் மாமியாருக்கு முழங்கால் அறுவைக்குத் தேதி கிடைக்காமல் வருடக்கணக்கில் காத்திருக்கிறார். குடும்ப டாக்டர் இல்லாமல் எத்தனையோ பேர். இந்த நிலையில் புதிதாக வருகிறவர்களின் செலவுக்கு ஒரு வரம்பு வைப்பது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வைத்திருக்கின்றனவே.

குறிஞ்சி (சென்னை)

உங்கள் மாமியார் வலியில் காத்திருப்பது வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு என் ஏழு வயதுப் பெண் காரணம் இல்லையே அண்ணா. ஒரு குழந்தையின் மேல் விலைச்சீட்டு ஒட்டி, இந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் வா என்பது எந்த நாடு சொன்னாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. என் கணவரும் அங்கே முதல் மாதத்திலிருந்தே வரி கட்டுவார்.

வைகைக்கரை (பிராம்ப்டன்)

கொள்ளிடம், கேள்வி நியாயமான கேள்விதான். இதற்கு அரசே சொன்ன கணக்கு இருக்கிறது. 2018-இல் விதியை மாற்றியபோது அவர்கள் சொன்னது: ஆண்டுக்குச் சுமார் 1,000 விண்ணப்பங்கள் இந்தக் காரணத்தால் தடைபடுகின்றன. அதனால் மிச்சமாவது மாகாணங்களின் மொத்த மருத்துவச் செலவில் 0.1 சதவீதம். முழங்கால் அறுவைக்கான வரிசை இதனால் குறையாது.

ஆஸ்திரேலியாவிலும் 2024 ஜூலையில் வரம்பை 51,000 டாலரிலிருந்து 86,000 ஆக உயர்த்தினார்கள். நியூசிலாந்தும் 2022-இல் 41,000 டாலரை 81,000 ஆக்கியது. எல்லா இடத்திலும் தளர்த்திக்கொண்டுதான் வருகிறார்கள். என்னைக் கேட்டால் 2017-இல் குழு சொன்னபடி அந்த விதியை முழுதாகவே எடுத்திருக்க வேண்டும். 2005-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஹிலவிட்ஸ், டி யாங் என்ற இரண்டு குடும்பங்களின் வழக்கில், நோயின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதே, அந்த ஆளையும் குடும்பத்தின் உண்மை நிலைமையையும் பார் என்று தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு ஃபேர்னஸ் லெட்டருக்கும் பதில் எழுதும்போது எங்கள் வழக்கறிஞர் இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

கொள்ளிடம் (கால்கரி)

0.1 சதவீதம் என்பது எனக்குத் தெரியாது. பெரிய தொகை என்றே நினைத்திருந்தேன். வரம்பு இருக்கவேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. குழந்தைகளை அதில் சேர்க்கவேண்டியதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். குறிஞ்சி, கால்கரி பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள் அம்மா, எங்கள் தமிழ்ப் பள்ளியில் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். அவர் ரொறன்ரோவில் இருக்கிறார், என்னை ஸ்பான்சர் செய்திருக்கிறார். மெடிக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் வந்த நேரம் எனக்கு நான்காம் மாதம். எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ என்று மாமி பயப்படுகிறார். எடுக்காவிட்டால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்களா?

வல்லைவெளி (ஸ்காபரோ)

தங்கச்சி, வாழ்த்துகள். நிராகரிக்க மாட்டார்கள். கர்ப்பம் என்று வைத்தியரிடம் சொன்னால் பிள்ளை பிறந்தபிறகு எக்ஸ்ரே எடுக்கலாம் என்று தள்ளிவைப்பார். மற்றப் பரிசோதனை எல்லாம் இப்போதே முடிக்கலாம். கோப்பு அதுவரை காத்திருக்கும். வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி இப்போதே எடுக்கவும் முடியும், பிள்ளைக்குப் படும் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் எடுக்கக்கூடாது. உங்கள் வைத்தியரோடு கதைத்து முடிவெடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மறக்கவேண்டாம். அவர் கனேடியக் குடியுரிமை எடுத்துவிட்டாரா, இல்லை நிரந்தர வதிவிடம் மட்டும்தானா? பிள்ளை பிறக்கமுன் குடியுரிமை எடுத்திருந்தால் பிள்ளை பிறக்கும்போதே கனேடியர், அதற்குச் சான்றிதழ் எடுக்கவேண்டும். வதிவிடம் மட்டும் என்றால் பிறந்தவுடன் பிள்ளையை விண்ணப்பத்தில் சேர்த்து, பிள்ளைக்கும் மெடிக்கல் செய்யவேண்டும். சேர்க்காமல் நீங்கள் வந்து இறங்கினால் பிறகு பிள்ளையை ஸ்பான்சர் செய்வது பெரிய சிக்கலாகிவிடும்.

பெயர் வேண்டாம்

எனக்கு எச்ஐவி இருக்கிறது. ஏழு வருடமாக மாத்திரை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா என்பதையாவது சொல்லுங்கள்.

வைகைக்கரை (பிராம்ப்டன்)

விண்ணப்பிக்கலாம். எச்ஐவி இருப்பதாலேயே கனடா யாரையும் மறுப்பதில்லை, அதைப் பொதுச் சுகாதார ஆபத்தாகவும் கருதுவதில்லை. மாத்திரைச் செலவு வரம்புக்குள் வருமா என்பதுதான் ஒரே கேள்வி, வரம்பு மும்மடங்கானபின் அது எளிதாகியிருக்கிறது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் கனடா விலையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஜெனரிக் இருந்தால் அதன் விலையையும். வேலை கொடுப்பவரின் மருந்துக் காப்பீடு இருந்தால் அந்தக் கடிதம் உதவும். முடிவு மருத்துவருக்கும் குடியேற்றத் துறைக்கும்தான் போகும், ஊருக்குப் போகாது. தனியாக எழுத விரும்பினால் எனக்குச் செய்தி அனுப்புங்கள் சார்.

நொய்யல் (கோயம்புத்தூர்)

பாலாறு ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காசநோய் அலகில் 2014 பதிவேடு இருந்தது. எஸ்டிஎஸ் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினார். பழைய தெருப் பெயரைச் சொன்னதும் கிடைத்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் 'குணமடைந்தார்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. கடிதமும் வாங்கிவிட்டேன்.

மெடிக்கலும் முடிந்தது. மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பாஸ்போர்ட், கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய அறிக்கைகள் எடுத்துப்போனேன். உயரம், எடை, பிரஷர், கண், நாடித்துடிப்பு, வயிற்றைத் தொட்டுப்பார்த்தல், அப்புறம் கேள்விகள். காசநோய் வந்ததுண்டா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்று சொல்லி கடிதத்தை நீட்டினேன். முகம் மாறவே இல்லை, "நல்லது, இது இருந்தால் வேலை சுலபம்" என்று ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டார். தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது தான் இல்லை, குடியேற்றத் துறைதான் என்றும் சொன்னார். ஐஎம்இ எண் (மருத்துவப் பரிசோதனை எண்) போட்ட தாளை விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டேன். சளி மூன்று நாளும் கொடுத்தாயிற்று, மைக்ராஸ்கோப்பில் கிருமி இல்லை, கல்ச்சருக்குக் காத்திருக்கிறேன். மனைவிக்கு மாதவிடாய் முடிந்த பிறகு சிறுநீர் கொடுக்கச் சொன்னார்கள், ரத்தம் கலந்தால் திரும்ப எடுக்க வேண்டியிருக்குமாம். பெண்கள் தேதி பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குவது நல்லது.

ஒரே சந்தேகம்: அங்கே போனபிறகும் கண்காணிப்பு இருக்கும் என்கிறார்களே, அது என்ன?

வல்லைவெளி (ஸ்காபரோ)

நல்ல செய்தி தம்பி. கண்காணிப்பு என்றதும் போலீஸ் மாதிரி நினைக்கவேண்டாம். பழைய காசநோய்த் தடம் இருப்பவர்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள், வந்து 30 நாளுக்குள் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கவேண்டும் என்று அதில் இருக்கும். சிலருக்கு அவசரம் என்று குறித்திருந்தால் 7 நாள். தொலைபேசியில் கதைத்தாலே போதும், அவர்கள் ஒரு கிளினிக்குக்கு அனுப்புவார்கள், படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்டாரியோவில் காசநோய் மருந்து இலவசம், ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. நோய் திரும்ப வந்தாலும் அதற்காக உங்கள் வதிவிடத்தைப் பறிக்க மாட்டார்கள். வைத்தியம்தான் செய்வார்கள்.

கரிசல் (கோவில்பட்டி)

எங்கள் கதை கொஞ்சம் வேறு. என் கணவருக்கு முதல் திருமணத்தில் ஒரு மகள், 14 வயது, அவள் அம்மாவோடு மதுரையில் இருக்கிறாள். எங்களோடு வரப்போவதில்லை. அவளைக் காட்டவே வேண்டாம், மெடிக்கல் செலவு மிச்சம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

வைகைக்கரை (பிராம்ப்டன்)

இல்லை, கட்டாயம் காட்டுங்கள். வரப்போவதில்லை என்று குறித்தாலும் அவள் பெயர் படிவத்தில் இருக்கவேண்டும், அவளுக்கும் மெடிக்கல் நடக்கவேண்டும். காட்டாமல் விட்டால், பின்னாளில் அந்தப் பெண் அப்பாவிடம் வர ஆசைப்பட்டாலும் குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய விதி இடம் கொடுக்காது. பிள்ளைக்கு 18 வயது ஆனபின் கல்லூரிக்கு இங்கே வரட்டும் என்று பெற்றோர் இருவருமே நினைத்து, கதவு மூடியிருப்பதைப் பார்த்து அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் அம்மா மெடிக்கலுக்கு அனுப்ப மறுத்தால், நீங்கள் கேட்டதற்கும் அவர் மறுத்ததற்கும் எழுத்தில் சான்று வைத்து, விளக்கக் கடிதத்தோடு விண்ணப்பத்தில் சேருங்கள். முதலில் உங்கள் கணவர் நேரில் போய்ப் பேசிப் பார்க்கட்டும். மெடிக்கலுக்குச் சம்மதிப்பதால் மகளை அனுப்பச் சம்மதித்ததாக ஆகாது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பயத்தில்தான் மறுப்பார்கள். மெடிக்கல் முடிவு 12 மாதம்தான் செல்லும், அதனால் தேதியைப் பொருத்தி எல்லோருக்கும் ஒரே சமயத்தில் எடுத்துவிடுங்கள்.